மழலையர் பள்ளிக் குழந்தைகளுக்கு இயற்கை வெளியில் வகுப்பு: எப்படித் தொடங்குவது, எதைக் கவனிப்பது?

மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள 18 குழந்தைகளை வாரம் ஒரு நாள் காலையில் பள்ளிக்கு அருகிலுள்ள மரத்தோப்புக்கு அழைத்துச் சென்று வகுப்பு நடத்த விரும்புகிறீர்கள். அங்கே என்னென்ன செயல்பாடுகளை வைத்துக்கொள்ளலாம், பாதுகாப்புக்கு என்ன செய்ய வேண்டும், எழுத்தும் எண்ணும் பின்தங்கிவிடுமே என்று அஞ்சும் பெற்றோருக்கு என்ன பதில் சொல்வது என்று மூன்று கேள்விகளைக் கேட்டிருக்கிறீர்கள். முதலில் மழலையர் பள்ளி ஆசிரியையாகவும், பிறகு இத்தகைய வகுப்புகளை நடத்தும் ஆசிரியைகளுக்குப் பயிற்சி அளிப்பவளாகவும் இருந்து நான் கற்றுக்கொண்டவற்றைக் கொண்டு விடை சொல்கிறேன்.

முதல் கேள்வியிலேயே ஒரு திருத்தம் சொல்ல வேண்டியிருக்கிறது. செயல்பாடுகளிலிருந்து தொடங்காதீர்கள், இடத்திலிருந்து தொடங்குங்கள். ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, பருவம் எப்படி மாறினாலும் ஆண்டு முழுவதும் அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பச் செல்வதுதான் இந்த வகுப்பின் உயிர்நிலை. வாரத்துக்கு ஓர் இடம் என்று மாற்றிக்கொண்டே இருந்தால் அது சுற்றுலாவாகிவிடும். சுற்றுலாவில் தவறொன்றும் இல்லை. ஆனால் மூன்று வயதுக் குழந்தைக்குப் புதிய இடம் என்பதே பெரிய சுமை. எங்கே நிற்பது, எது நம்மை ஒன்றும் செய்யாது, ஆசிரியை எங்கே இருக்கிறார் என்று கண்டுகொள்வதிலேயே அதன் கவனமெல்லாம் தீர்ந்துபோகும். மூன்றாவது நான்காவது வாரத்தில்தான் உடல் தளர்ந்து, கை தானாக மண்ணைத் தேடும். அதற்குப் பிறகுதான் கற்றல் தொடங்குகிறது. போன வாரம் புரட்டிப் பார்த்த கல்லை இந்த வாரம் நேராக ஓடிப் போய்ப் புரட்டுகிற குழந்தைக்கு மனத்தில் ஓர் எதிர்பார்ப்பு இருக்கிறது. அந்த எதிர்பார்ப்பு பலித்தாலும் பொய்த்தாலும் அங்கே ஒரு சிந்தனை நடக்கிறது. புது இடத்தில் அந்த எதிர்பார்ப்புக்கே வழியில்லை.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. ஃபிரெடரிக் ஃபிரோபெல் 1837இல் ஜெர்மனியின் பிளாங்கன்பர்க் ஊரில் சிறு குழந்தைகளுக்கான தமது நிறுவனத்தைத் தொடங்கி, 1840இல் அதற்குக் கிண்டர்கார்டன், அதாவது குழந்தைகளின் தோட்டம், என்று பெயர் வைத்தபோது அந்தப் பெயர் வெறும் உவமையாக இருக்கவில்லை. ஒவ்வொரு குழந்தைக்கும் தனியாக ஒரு சிறு பாத்தியும், எல்லாருக்கும் பொதுவான பாத்திகளும் உள்ள உண்மையான தோட்டம் அவருடைய திட்டத்தில் இருந்தது. 1914இல் லண்டனின் டெப்ட்ஃபோர்டு பகுதியில் மார்கரெட் மெக்மில்லனும் ரேச்சல் மெக்மில்லனும் நடத்திய திறந்தவெளி மழலையர் பள்ளியில், தோட்டத்தை நோக்கித் திறந்திருக்கும் கொட்டகைகளில், மிக வறிய குடும்பங்களின் குழந்தைகள் நாளின் பெரும்பகுதியைக் காற்றிலும் வெளிச்சத்திலும் கழித்தார்கள். 1950களில் டென்மார்க்கில் ஒரு தாய் தம் குழந்தைகளையும் அண்டை வீட்டுக் குழந்தைகளையும் நாள்தோறும் காட்டுக்கு அழைத்துச் செல்லத் தொடங்கியதிலிருந்து அங்கே வன மழலையர் பள்ளிகள் வளர்ந்தன. சுவீடனில் 1957இல் ஸ்கூக்ஸ்முல்லே என்ற கற்பனை வனவாசியை வைத்துக் குழந்தைகளுக்கான இயற்கைக் குழுக்கள் ஏற்பட்டன. 1985இல் எந்த வானிலையிலும் வெளியிலேயே நடக்கும் பள்ளியாக அது விரிந்தது. 1993இல் இங்கிலாந்தின் பிரிட்ஜ்வாட்டர் கல்லூரியிலிருந்து டென்மார்க் சென்று பார்த்தவர்கள் திரும்பி வந்து தொடங்கியதுதான் இன்று பல நாடுகளில் வனப் பள்ளி என்ற பெயரில் அறியப்படுகிறது. காலமும் நோக்கமும் வேறு வேறாக இருந்தாலும், இவை அனைத்திலும் குழந்தைகள் ஒரே நிலத்துக்குப் பழகியவர்களாக ஆனார்கள். பல நூற்றாண்டுப் பழமையான காடு இதற்குத் தேவையில்லை. நாலைந்து மரமும் சிறிது புதரும் ஈரம் தங்கும் ஒரு மூலையும் இருந்தால் போதும்.

இடம் பழகினால் பாடம் எப்படித் தானாக அமைகிறது என்பதற்கு ஒன்றைச் சொல்கிறேன். மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் நடைபாதைக் கல்லின் பள்ளத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. குதித்து முடித்த பிறகு, ஒரு சிறுமியிடம் சாக்பீஸைக் கொடுத்து, தண்ணீர் எதுவரை இருக்கிறதோ அதுவரை சுற்றிக் கோடு போடச் சொன்னேன். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பிச் செல்லும் வழியில் அவள் குந்தி உட்கார்ந்து பார்த்தாள். கோடு அங்கேயே இருந்தது. தண்ணீர் அதைவிட்டு இரண்டு விரற்கடை உள்ளே போயிருந்தது. "தண்ணி சின்னதாயிடுச்சு" என்றாள். பக்கத்திலிருந்த சிறுவன் "யாரோ குடிச்சிட்டாங்க" என்றான். நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. "மறுபடியும் ஒரு கோடு போடலாமா?" என்று மட்டும் கேட்டேன். வீட்டுக்குப் போகும் நேரத்தில் மூன்று கோடுகள் ஒன்றுக்குள் ஒன்றாக இருந்தன. குடித்தவர் யார் என்ற வழக்கு தீரவில்லை. அடுத்த வாரம் அந்தப் பள்ளம் காய்ந்து கிடக்க, கோடுகளின் தடம் மட்டும் மங்கலாக மிஞ்சியிருந்தது. அந்த வாரம் குழந்தைகள் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து தாங்களே பள்ளத்தை நிரப்பினார்கள். நீர் ஆவியாதல் என்ற சொல்லை அவர்கள் பின்னாளில் பாடப்புத்தகத்தில் படிப்பார்கள். அந்தச் சொல் போய் உட்காருவதற்கான இடம் அன்றே தயாராகிவிட்டது.

அப்படியானால் ஆசிரியை எதையும் திட்டமிட வேண்டாமா என்று கேட்பீர்கள். திட்டமிட வேண்டும், ஆனால் நேரத்தின் அமைப்பைத் திட்டமிட வேண்டும், விளைவை அல்ல. ஒன்றரை மணி நேர வகுப்பை நான் அமைக்கும் விதம் எப்போதும் ஒன்றுதான். புறப்படும் முன் கழிப்பறை, உடை, தலை எண்ணிக்கை. வழிநெடுக ஒரு கயிற்றை இருபக்கமும் பிடித்துக்கொண்டு நடை. தோப்புக்குள் நுழையும்போது ஒரே வரவேற்பு வாசகமோ பாட்டோ. ஆண்டு முழுவதும் அதையே சொல்லுங்கள், ஏனென்றால் இந்த வயதினருக்குத் தொடக்கம் மாறாமல் இருந்தால்தான் நடுவில் துணிச்சல் வரும். பிறகு எல்லையைச் சுற்றி ஒரு நடை. அதன் பிறகு குறைந்தது 40 நிமிடமாவது யாரும் எதையும் சொல்லித்தராத, தடையற்ற விளையாட்டு. அந்த நேரத்தில் ஒரே ஒரு அழைப்பை மட்டும் ஓரமாக வைத்திருப்பேன்: ஒரு நாள் மண் குழைக்க வாளியும் தண்ணீரும், இன்னொரு நாள் கிளைகளுக்கு நடுவே கட்டிய கயிறு, வேறொரு நாள் வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் புதரை மெல்ல உலுக்கி விழும் பூச்சிகளைப் பார்ப்பது. வருகிறவர் வரலாம், வராதவரை இழுக்கக் கூடாது. பின்னர் கை கழுவி, சிற்றுண்டி; கடைசியில் வட்டமாக உட்கார்ந்து, இன்று பார்த்ததில் ஒன்றைச் சொல்லுதல். பேச விரும்பாத குழந்தை பொருளைக் காட்டினால் போதும்.

தடையற்ற விளையாட்டுக்கான அந்த 40 நிமிடத்தைக் குறைத்துவிட வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். முதல் 15 நிமிடம் குழந்தைகள் அங்கும் இங்கும் ஓடுவார்கள். பார்க்கிறவர்களுக்கு ஒன்றுமே நடக்காதது போலத் தோன்றும். பொறுமையிழந்து, "வாருங்கள், இலை சேகரிப்போம்" என்று கூப்பிட்டுவிடுகிற ஆசிரியைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆழமான விளையாட்டு அந்தக் கால் மணி நேரத்துக்குப் பிறகுதான் தொடங்கும். கூப்பிட்டுவிட்டால் அது தொடங்கவே தொடங்காது.

கொண்டுசெல்ல வேண்டிய கருவிகளைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். சிறு மண்வெட்டிகள், வாளிகள், கயிறு, பழைய தார்ப்பாய், சில பூதக்கண்ணாடிகள், சமதளமான ஒளிபுகும் பிளாஸ்டிக் தட்டு ஒன்று. மற்றவற்றை இடமே தரும். சைமன் நிக்கல்சன் என்பவர் 1971இல் எழுதிய கட்டுரையில், ஒரு சூழலில் குழந்தைகள் எடுக்கவும் நகர்த்தவும் மாற்றி அடுக்கவும் கூடிய உதிரிப் பொருள்கள் எவ்வளவு மிகுதியோ அவ்வளவுக்குக் கற்பனையும் கண்டுபிடிப்பும் பெருகும் என்ற கருத்தை முன்வைத்தார். குச்சி, விதை, காய்ந்த இலை, கூழாங்கல், மண் ஆகியவற்றைவிடச் சிறந்த உதிரிப் பொருள் கிடையாது. ஒரு குச்சி கரண்டியாகும், குதிரையாகும், எழுதுகோலாகும், வீட்டுக் கூரையாகும். சமையல் பாத்திரம் என்று அச்சிட்டு விற்கப்படும் பிளாஸ்டிக் பொம்மை கடைசிவரை பாத்திரமாகவே இருக்கும்.

பிளாஸ்டிக் தட்டு எதற்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதுவரை ஒரு குழந்தையும் இதைப் பாதியில் விட்டுப் போனதில்லை. ஈரமான காலையில் கிடைக்கும் ஒரு நத்தையை அந்தத் தட்டில் விட்டு, அது ஊரத் தொடங்கியதும் தட்டை மெதுவாக உயர்த்தி, கீழே படுத்தபடி அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். நத்தைக்கு இருப்பது ஒற்றைப் பாதம். அந்தப் பாதத்தில் இருண்ட பட்டைகள் வால் பக்கத்திலிருந்து தலைப் பக்கம் நோக்கி அலை அலையாக நகர்வதைக் காணலாம். மேலிருந்து பார்த்தால் நத்தை வழுக்கிச் செல்வதுபோல் தெரியும். கீழிருந்து பார்த்தால் அது உழைப்பது தெரியும். நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் பத்து நிமிடம் அப்படியே படுத்துப் பார்த்துவிட்டு, எழுந்து, தன் வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு நகர முயன்றான். தன் உடலைக் கொண்டே விடை தேடிய அவனுடைய அந்த முயற்சியைவிடப் பெரிய அறிவியல் செய்கை அந்த வயதில் என்ன இருக்க முடியும்? பார்த்து முடித்ததும் நத்தையை எடுத்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். மரவட்டையானாலும் மண்புழுவானாலும், புரட்டிய கல்லைப் பழையபடி மூடிவைப்பதையும் பழக்கமாக்குங்கள். உயிர்களை மதிக்கச் சொல்லும் அறிவுரையைவிடக் கல்லைத் திருப்பி வைக்கும் கை அதை நன்றாகக் கற்கிறது.

இப்படிப்பட்ட தருணங்களில் ஆசிரியையின் பேச்சுதான் பெரும்பாலும் காரியத்தைக் கெடுக்கிறது. "இது என்ன நிறம்?", "எத்தனை கால் இருக்கு?" என்று விடை தெரிந்த கேள்விகளைக் கேட்டால், குழந்தை பொருளை விட்டுவிட்டு நம் முகத்தைப் பார்க்கத் தொடங்கும். நாம் எதிர்பார்க்கும் சொல் எது என்று ஊகிப்பதே அதன் வேலையாகிவிடும். பக்கத்தில் குந்தி உட்காருங்கள்; அதே பொருளைப் பாருங்கள்; குழந்தை பேசும்வரை காத்திருங்கள். பேசத் தோன்றினால், "இது ஏன் இந்தப் பக்கமே போகிறது என்று யோசிக்கிறேன்" என்று உங்கள் வியப்பைச் சொல்லுங்கள். பெயரைச் சொல்ல அவசரப்பட வேண்டாம், ஆனால் குழந்தை கேட்கும்போது சரியான பெயரைச் சொல்லுங்கள். 'பூச்சி' என்ற ஒரே சொல்லில் எறும்பையும் வண்டையும் சிலந்தியையும் அடைக்காதீர்கள். தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லி, ஒன்றாகத் தேடலாம் என்று சொல்லுங்கள்.

அடுத்து பாதுகாப்பு. இதில் இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். குழந்தை தன் கண்ணால் காணக்கூடிய, தானே எடைபோட்டு முடிவு செய்யக்கூடிய சவால் ஒரு வகை: தாழ்ந்த கிளை, வழுக்கும் சரிவு, உருளும் மரத்துண்டு. குழந்தையால் காண முடியாத அபாயம் இன்னொரு வகை: தலைக்கு மேலே முறிந்து தொங்கும் கிளை, இலைக்குவியலுக்குள் கிடக்கும் கண்ணாடித் துண்டு, குளவிக் கூடு, நச்சுச் செடி. இரண்டாவதை நாம் முன்கூட்டியே சென்று முற்றிலும் அகற்ற வேண்டும். முதலாவதை அகற்றக் கூடாது. நார்வேயின் ஆய்வாளர் எலன் சாண்ட்செட்டர் 2007இல் குழந்தைகள் தாமாகத் தேடிச் செல்லும் துணிச்சல் விளையாட்டை ஆறு வகையாகப் பிரித்தார்: உயரம், வேகம், ஆபத்தான கருவிகள், நீர் நெருப்பு போன்றவற்றின் அருகாமை, மல்லுக்கட்டு, பெரியவர் கண்ணுக்கு மறைந்து போதல். இவை எல்லாவற்றையும் தடுத்துவிட்டால் குழந்தைகள் அவற்றை விட்டுவிடுவதில்லை. நாம் பார்க்காதபோது, பழக்கமின்றிச் செய்வார்கள். மரமேறுவதற்கு என் விதி எளியது: நான் தூக்கி ஏற்றிவிட மாட்டேன். தானாக ஏறிய உயரத்திலிருந்து பெரும்பாலும் தானாக இறங்கவும் முடியும். "ஜாக்கிரதை, ஜாக்கிரதை" என்று கூவுவதற்குப் பதிலாக, "இடது காலை எங்கே வைக்கப் போகிறாய்?" என்று கேளுங்கள்; முன்னது அச்சத்தைத் தருகிறது, பின்னது கவனத்தைத் தருகிறது.

ஒவ்வொரு முறையும் குழந்தைகள் வருவதற்கு முன் ஒருவர் இடத்தைச் சுற்றி வந்து, மேலே கிளைகளையும் கீழே தரையையும் நடுவில் குழந்தையின் கண் மட்டத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சிகளையும் பார்த்துவிட வேண்டும். எல்லை மரங்களில் பளிச்சென்ற துணிப்பட்டைகளைக் கட்டிவையுங்கள். அழைத்ததும் ஓடிவரும் விளையாட்டை முதல் நாளிலிருந்தே, தேவை ஏதும் இல்லாதபோதே, பலமுறை விளையாடிப் பழக்குங்கள். பெரியவர்களின் எண்ணிக்கையில் உங்கள் பகுதியின் விதிமுறை சொல்வது குறைந்தபட்ச அளவு என்று எடுத்துக்கொள்ளுங்கள். என் கணக்கில் 18 குழந்தைகளுக்கு நான்கு பெரியவர்கள் வேண்டும். ஒரு குழந்தைக்கு அடிபட்டாலோ, கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தாலோ ஒருவர் விலகினாலும் மற்றவர்கள் போதுமானவர்களாக இருக்க வேண்டும். தேங்கிய நீர் சில சென்டிமீட்டர் ஆழமே இருந்தாலும் சிறு குழந்தை மூழ்கிவிடக் கூடும் என்பதால், நீரருகே விளையாட்டு நடக்கும்வரை ஒருவர் அங்கிருந்து நகரவே கூடாது. இடி கேட்டால் உடனே திரும்புங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழியும்வரை வெளியே வர வேண்டாம். பலத்த காற்றில் மரத்தடி பாதுகாப்பானதல்ல. இவை இரண்டும் இல்லாத சாதாரண மழை வகுப்பை நிறுத்தக் காரணமாகாது. மாற்றுடை இருந்தால் போதும். வெப்பம் மிகுந்த நாட்களில் வகுப்பைக் காலையிலேயே முடித்து, நிழலை விட்டு விலகாமல், தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் கொடுங்கள், ஏனென்றால் சிறு உடல் நம்முடையதைவிட விரைவில் சூடேறும். கை கழுவச் சோப்பும் தண்ணீரும் கொண்டு செல்லுங்கள். மண் படிந்த கையில் சானிடைசர் சரியாக வேலை செய்யாது. நீங்கள் தரும் உணவைத் தவிர அங்குள்ள எதையும் வாயில் வைக்கக் கூடாது என்ற ஒரு விதியில் மட்டும் எள்ளளவும் தளர்வு வேண்டாம். ஒவ்வாமை உள்ள குழந்தைகளின் பெயரும் மருந்தும் முதலுதவிப் பெட்டியோடு உடன்வர வேண்டும். பூச்சிக் கடிக்கு வாய்ப்புள்ள இடமானால் வீடு திரும்பியதும் உடலைப் பார்த்துவிடும்படி பெற்றோரிடம் சொல்லுங்கள்.

எழுத்தும் எண்ணும் பின்தங்குமா என்ற கேள்விக்கு வருகிறேன். பெற்றோரின் அச்சத்தை அலட்சியப்படுத்தாதீர்கள். பிள்ளைகள் மேலுள்ள அக்கறையிலிருந்து வருவது அது. அவர்களுக்குச் சொல்ல வேண்டிய முதல் செய்தி, எழுதுவது விரலில் தொடங்குவதில்லை என்பது. தோளும் முழங்கையும் உறுதியாக இருந்தால்தான் மணிக்கட்டு நிலையாக நிற்கும். மணிக்கட்டு நின்றால்தான் விரல் நுணுக்கமாக அசையும். கிளையில் தொங்குவதும், வாளி தூக்குவதும், மண் பிசைவதும், விதையை இரு விரலால் எடுத்துச் சிறு துளைக்குள் போடுவதும் அந்த வரிசையில்தான் உடலைத் தயார்செய்கின்றன. எண்ணும் அப்படித்தான். மூன்று குச்சிகளை நீளவாரியாக அடுக்கும் குழந்தை, நடுவில் இருப்பது ஒன்றைவிடப் பெரியது, இன்னொன்றைவிடச் சிறியது என்ற இரட்டை உறவைக் கையால் உணர்கிறது. ஏழு கூழாங்கற்களை வட்டமாக வைத்தாலும் வரிசையாக வைத்தாலும் ஏழுதான் என்பதைத் தானே கண்டறிகிறது. மொழியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வழவழப்பு, சொரசொரப்பு, ஈரம், பிசுபிசுப்பு, சரசரப்பு, சலசலப்பு, அடியில், இடுக்கில், குறுக்கே என்ற சொற்களெல்லாம் வகுப்பறைப் படத்தைக் காட்டிச் சொல்லும்போது வெறும் ஒலிகள். அங்கே அவை விரலிலும் காதிலும் பொருளாக வந்து ஒட்டிக்கொள்கின்றன. வகுப்பறைக்குள் பல வாரங்கள் வாய் திறக்காமலிருந்த ஒரு சிறுமி, எறும்புகள் இறந்துபோன ஒரு வண்டை இழுத்துச் செல்வதைப் பார்த்ததும் மூச்சுவிடாமல் பேசியதைக் கேட்டிருக்கிறேன். அவளுக்குச் சொற்கள் இல்லாமலில்லை; சொல்வதற்கு ஒன்று அதுவரை கிடைக்கவில்லை.

ஆய்வுச் சான்றுகளைக் கேட்கும் பெற்றோரும் இருப்பார்கள். அவர்களிடம் மிகைப்படுத்தாமல் பேசுங்கள். நார்வேயில் இங்குன் ஃபியோர்டோஃப்ட் 2001இல் வெளியிட்ட ஆய்வில், 5 முதல் 7 வயதுக் குழந்தைகளில், நாள்தோறும் ஒன்று இரண்டு மணி நேரம் பள்ளிக்கு அருகிலுள்ள காட்டில் விளையாடியவர்களுக்கு, வழக்கமான விளையாட்டுத் திடலில் விளையாடியவர்களைவிடச் சமநிலையும் உடல் ஒருங்கிணைவும் மேம்பட்டன. ஃபின்லாந்தில் 3 முதல் 5 வயதுக் குழந்தைகள் உள்ள காப்பகங்களின் முற்றத்தில் காட்டு மண்ணையும் செடிகளையும் கொண்டுவந்து பரப்பி 28 நாள் விளையாட விட்டபோது, குழந்தைகளின் தோலில் வாழும் நுண்ணுயிர்களின் வகைகள் பெருகின. நோய் எதிர்ப்பு ஒழுங்கைக் காட்டும் இரத்தக் குறியீடுகளும் நல்ல திசையில் மாறின. அந்த முடிவுகள் 2020இல் வெளியாயின. சீனாவின் குவாங்சோ நகரில் 6 வயதையொட்டிய மாணவர்களுக்குப் பள்ளி நாளில் 40 நிமிட வெளி வகுப்பைக் கூடுதலாகச் சேர்த்து மூன்று ஆண்டு கவனித்தபோது, புதிதாகக் கிட்டப்பார்வை ஏற்பட்டவர்கள் 30.4 சதவீதமாகவும், கூடுதல் வகுப்பு இல்லாத பள்ளிகளில் 39.5 சதவீதமாகவும் இருந்தனர். இவற்றில் ஃபின்லாந்து ஆய்வு மட்டுமே உங்கள் குழந்தைகளின் வயதுக்கு நேரடியாகப் பொருந்துவது. மற்ற இரண்டும் சற்று மூத்தவர்களைப் பற்றியவை, அவை நடந்ததும் நாள்தோறும். வாரம் ஒரு முறை செல்வதால் இதே பலன் கிடைக்கும் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல் 3, 4 வயதினருக்கு நாளுக்குக் குறைந்தது 180 நிமிட உடலியக்கம் தேவை, அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவில் இருக்க வேண்டும் என்கிறது. நாற்காலியில் உட்கார வைத்த ஒரு காலைப்பொழுதில் அதை எப்படி நிறைவேற்றுவது என்ற கேள்வியையும் பெற்றோர் முன் வைக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு முறை அவர்களையே உதவிக்கு அழைத்து வாருங்கள். தம் பிள்ளை 20 நிமிடம் ஒரே வேலையில் ஆழ்ந்திருப்பதை நேரில் பார்த்த எந்தத் தாயும் தந்தையும் அதன்பின் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

எல்லாக் குழந்தைகளும் முதல் நாளே மண்ணில் இறங்கிவிட மாட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். கையில் சேறு பட்டால் அழும் குழந்தையைத் தேற்றி மீண்டும் சேற்றில் வைப்பது கொடுமை. அதற்கு ஒரு பாயும் நீண்ட கைப்பிடியுள்ள கரண்டியும் கொடுத்து ஓரத்திலிருந்து பார்க்க விடுங்கள், பார்ப்பதும் பங்கேற்பதுதான். சக்கர நாற்காலியில் வரும் குழந்தை இருந்தால், எல்லாரும் இருக்கும் இடத்துக்கே அந்த நாற்காலியும் போகக்கூடிய பாதையுள்ள தோப்பைத் தேர்ந்தெடுங்கள். தரையில் நடக்கும் விளையாட்டை இடுப்பு உயரத்தில் ஒரு பலகை மேலும் நடத்தலாம். இரைச்சலுக்கு மிரளும் குழந்தைகள் பலர் வெளியில் வகுப்பறையைவிட அமைதியாக இருப்பதைக் காண்பீர்கள், ஏனென்றால் அங்கே விலகிப் போக இடம் இருக்கிறது.

குறிப்பெடுப்பதை எளிதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு மூன்று குழந்தைகளை மட்டும் மனத்தில் கொண்டு, அவர்கள் செய்ததையும் சொன்னதையும் சொன்னபடியே எழுதுங்கள்; உங்கள் தீர்ப்பைப் பிறகு எழுதலாம். சில வாரங்களில் எல்லாக் குழந்தைகளும் சுற்றுக்குள் வந்துவிடுவார்கள். அடுத்த வாரத்துக்கான அழைப்பு அந்தக் குறிப்பிலிருந்தே கிடைக்கும். இரண்டு பேர் ஓடையைப்போலக் குழி தோண்டித் தண்ணீர் விட்டிருந்தால், அடுத்த முறை நீளவாக்கில் பிளந்த குழாய்த் துண்டுகளைக் கொண்டு செல்வீர்கள். நான் தொடக்க காலத்தில் ஆண்டு முழுமைக்கும் செயல்பாட்டு அட்டவணை போட்டுவைத்திருந்தேன். ஒரு நாள் என் அட்டவணைப்படி இலை அச்சு செய்ய வேண்டியிருந்தது. குழந்தைகளோ சாய்ந்து விழுந்த ஒரு மரத்தைக் கப்பலாக்கி அதில் பயணம் செய்துகொண்டிருந்தார்கள். கப்பலிலிருந்து ஒவ்வொருவராக இறக்கி இலை அச்சு செய்ய வைத்தேன். அச்சுகள் அழகாக வந்தன. திரும்பிப் போனபோது கப்பல் வெறும் மரமாகிவிட்டிருந்தது. அன்றைக்குப் பிறகு நான் அட்டவணை போடுவதை விட்டுவிட்டேன்.

முதல் நாள் 20 நிமிடம் போதும். எல்லையைச் சுற்றி நடந்து, அழைத்ததும் ஓடிவரும் விளையாட்டை நாலைந்து முறை விளையாடி, ஒரு மரத்தைச் சுற்றிக் கைகோத்து நின்று, திரும்பி வந்துவிடுங்கள். அடுத்தடுத்த வாரங்களில் 10 நிமிடமாகக் கூட்டிக்கொண்டே போனால் இரண்டு மாதத்தில் ஒன்றரை மணி நேரம் இயல்பாக நிரம்பும். திரும்பி வரும்போது பதினெட்டுப் பேரின் கையிலும் சட்டைப் பையிலும் கற்களும் குச்சிகளும் இருக்கும். கீழே போடச் சொன்னால் அழுகை வரும். பள்ளி வாசலில், அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில், பெரிய பெட்டி ஒன்றை வைத்துவிடுங்கள். அடுத்த வாரம் புறப்படும்போது, தங்கள் பொருளை மீண்டும் தோப்புக்கு எடுத்துச் செல்ல அந்தப் பெட்டியின் முன்தான் அவர்கள் முதலில் வரிசை கட்டி நிற்பார்கள்.